ஸ்ப்ரே பெயின்ட் பட்டறைக்கு எந்தக் கையுறை? லேடெக்ஸ், நைட்ரைல், பியூட்டைல்: ஓர் ஒப்பீடு

மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். திருநெல்வேலியில் தச்சநல்லூர் பக்கம் கார் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை நடத்தும் அண்ணாச்சி ஒருவர். பேட்டையில் பீரோவும் கட்டிலும் செய்து விற்கும் ஒருவர். அம்பாசமுத்திரத்தில் கதவு, நிலைக்கு பாலிஷ் ஸ்ப்ரே அடிக்கும் தம்பி ஒருவர். "கைக்கு எதை வாங்கி மாட்ட?" என்பதுதான் கேள்வி.

அண்ணாச்சி மெடிக்கல் ஷாப்பில் வெள்ளைக் கையுறை ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். தின்னர் பட்டதும் விரல் நுனி ஊதித் தொளதொளவென்று ஆகிவிட, பையன்கள் கழற்றி வீசிவிட்டார்கள். பேட்டைக்காரர் ஹார்டுவேர் கடையில் துணிக் கையுறை ஒரு டஜன் வாங்கினார். இரண்டு மணி நேரத்தில் பெயின்ட் ஊறி விறைத்துவிட்டது. அம்பை தம்பி பியூட்டைல் கையுறைதான் சிறந்தது என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு ஜோடியின் விலையைப் பார்த்து மலைத்துப்போய் வெறுங்கையோடு அடித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இது வெறும் கடைச் சரக்குக் கேள்வி இல்லை. என் அப்பா பீரோ பட்டறையில் பெயின்டர். சாயங்காலம் ஒரு டப்பாவில் தின்னரை ஊற்றி, முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். கை பளிச்சென்று இருக்கும், ஆனால் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்து, கணுவுக்குக் கணு வெடித்திருக்கும். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்த பிறகு அவர் விரலை எத்தனை தடவை வைத்தாலும் ரேகை விழாது. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர் பாதி தேய்த்தது, தின்னர் மீதியைத் தின்றது. அம்மாதான் போய் விரல் வைத்து அரிசி வாங்கி வருவாள். அந்தக் கையை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

கையுறைக்கு ஓட்டை இல்லையென்றால் ஒன்றும் உள்ளே வராது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். பெருங்காயத்தை பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி அலமாரியில் வையுங்கள். பை கிழிந்திருக்காது, முடிச்சும் அவிழ்ந்திருக்காது, ஆனாலும் மறுநாள் அலமாரி முழுக்க வாசம் அடிக்கும். தின்னரும் அப்படித்தான். கையுறையின் ரப்பருக்குள் மெல்ல மெல்லக் கரைந்து நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எந்த ரப்பர் எந்தத் திரவத்தை எத்தனை நிமிடம் நிறுத்தி வைக்கும் என்பதுதான் முழு விஷயமும். தடிமன், நிறம், விலை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் பார்க்க வேண்டியது டின்னில் என்ன இருக்கிறது என்பது. நம் பட்டறைகளில் ஓடும் சரக்கை மூன்றாகப் பிரிக்கலாம்.

கேட், கிரில், ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் ஒரு வகை. அதைக் கரைப்பது டர்பன்டைன். கையுறையைப் பொறுத்தவரை இருப்பதிலேயே சாது இதுதான்.

அடுத்தது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், என்.சி. லாக்கர். இதன் தின்னரில் பெரும்பாலும் டொலுவின், அசிட்டோன், அசிட்டேட் வகைகள், ஆல்கஹால் என்று பலதும் கலந்திருக்கும். டொலுவினைத் தடுக்கும் ரப்பர் அசிட்டோனைத் தடுக்காது, அசிட்டோனைத் தடுப்பது டொலுவினிடம் தோற்றுவிடும். சிக்கல் எல்லாம் இந்தக் கலவையில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்.சி. வெள்ளையாகப் பூத்துப் போகாமல் இருக்க ரிட்டார்டர் ஊற்றுவோம் அல்லவா, அதில் பலவற்றில் பியூட்டைல் செல்லோசால்வ் இருக்கும். அது தோல் வழியாகவே உடம்புக்குள் நன்றாக இறங்கும் சரக்கு.

மூன்றாவது, இறுகவைக்கும் ஹார்ட்னரை அடிக்குமுன் கலக்கும் டூ-கே (இரண்டு பாகச் சரக்கு), பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட். கார் கிளியர் கோட்டும் மரத்துக்கு அடிக்கும் பியூ பாலிஷும் இதில்தான் வரும். ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். இது தோலைக் காயவைப்பதோடு நிற்காது. உடம்பு ஒருமுறை இதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், அப்புறம் துளியளவு பட்டாலும் அரிப்பு, மூச்சிரைப்பு, ஆஸ்துமா வரை போகும். மூக்கு வழியாகப் போனால்தான் ஆபத்து என்றில்லை. தோலில் படுவதும் அந்த ஒவ்வாமைக்கு வழி திறக்கக்கூடும் என்று தொழில்நோய் மருத்துவத்தில் சொல்கிறார்கள். எபாக்ஸி பிரைமரும் தோல் ஒவ்வாமை தரும் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

டின்னில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லையா? பெயின்ட் கடையில் அந்தச் சரக்கின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். கம்பெனி இணையதளத்திலும் பெரும்பாலும் கிடைக்கும். மூன்றாம் பகுதியில் என்னென்ன கலந்திருக்கிறது என்றும், எட்டாம் பகுதியில் எந்த வகைக் கையுறை என்றும் போட்டிருக்கும்.

அடுத்து, கையில் தெறிக்கிறதா அல்லது கையையே முக்குகிறோமா என்று பாருங்கள். ஸ்ப்ரே அடிக்கும்போது கையில் படுவது பனி மாதிரித் தூறல்தான். ஸ்ப்ரே கன்னைக் கழுவும்போது விரல் தின்னருக்குள்ளேயே இருக்கிறது. ஒரே ஆள், ஒரே நாள் என்றாலும் இரண்டுக்கும் ஒரே கையுறை போதாது.

அப்புறம் விரலின் பிடி. ட்ரிக்கரைப் பாதி அழுத்துவதும், தூறலின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேன் திருகைக் கால் சுற்று திருப்புவதும் விரல் நுனியின் வேலை. தடித்த கையுறை போட்டால் பெயின்ட் வழிந்துவிடும், வழிந்தால் மறுபடி ரப்பிங், அதாவது தேய்ப்பு வேலை. "கையுறை போட்டா கன் வழுக்குதுல்லா" என்று பையன்கள் சொல்வதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. அவர்கள் சொல்வது உண்மை. அதற்கு ஏற்ற கையுறை வாங்கித் தருவது முதலாளியின் பொறுப்பு.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கையுறைகளை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது 23 டிகிரியில். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரியைத் தொடும் பட்டறையில், சூடான கையில், அதே தின்னர் இன்னும் வேகமாக ஊடுருவும். அட்டையில் 30 நிமிடம் என்று போட்டிருந்தால் அதை அப்படியே நம்பாதீர்கள். வியர்வை தனிக் கதை. அரை மணி நேரத்தில் உள்ளே குளம் கட்டிவிடும். ஊறிய தோலில் எதுவும் எளிதில் இறங்கும்.

கடைசியாகக் காசு. ஒரு ஜோடி என்ன விலை என்று கேட்காமல், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள்.

## அட்டைப்பெட்டியில் இருக்கும் எழுத்துகள்

ரசாயனக் கையுறை என்று விற்கும் நல்ல சரக்கில் இ.என். 374 அல்லது ஐ.எஸ்.ஓ. 374 என்ற தரநிலை எண்ணும், குடுவைப் படமும், அதன் கீழே சில ஆங்கில எழுத்துகளும் இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு ரசாயனம். நமக்கு வேண்டியவை மூன்றே மூன்று: பி என்றால் அசிட்டோன், எஃப் என்றால் டொலுவின், ஐ என்றால் எத்தில் அசிட்டேட்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் பெரும்பாலான நைட்ரைல் கையுறைகளில் ஜே, கே, எல் என்றோ, கே, பி, டி என்றோ இருக்கும். கே காஸ்டிக் சோடா, எல் கந்தக அமிலம், ஜே ஹெப்டேன். கே, பி, டி வரிசையில் நடுவில் வருவது ஹைட்ரஜன் பெராக்சைடுக்கான எழுத்து, அசிட்டோனுக்கான பி வேறு எழுத்து. தமிழில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் சொல்கிறேன்: அசிட்டோனுக்கு ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்து, பெராக்சைடுக்குப் பதினாறாம் எழுத்து. ஆக அமிலத்துக்கும் காரத்துக்கும் சோதித்த கையுறையைத்தான் தின்னருக்குப் போடுகிறோம். கையுறை போலியில்லை, நம் வேலைக்கு அதைச் சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.

கூடவே ஏ, பி, சி என்று வகையும் போட்டிருக்கும். ஏ வகை ஆறு ரசாயனங்களையாவது 30 நிமிடத்துக்குத் தாங்க வேண்டும், பி வகை மூன்றை, சி வகை ஒன்றையாவது 10 நிமிடம். வகையைப் பார்த்து மயங்காமல் அந்த எழுத்துகளைத் தேடுங்கள்.

## துணிக் கையுறை, புரோட்டா கடைக் கையுறை

இரண்டும் வேண்டாம். துணி பெயின்டையும் ஹார்ட்னரையும் குடித்து, தோலோடு ஒட்டவைத்து, நாள் முழுக்க வைத்திருக்கும். வெறுங்கையில் பட்டாலாவது துடைத்துவிடுவோம். தகரம் தூக்கவும், கீறல் படாமல் இருக்கவும் துணி சரி, ஸ்ப்ரேக்குச் சரியில்லை. சால்னா கட்டும் இடத்தில் போடும் மெல்லிய பிளாஸ்டிக் உறை தையல் ஓரத்தில் பிரியும், மணிக்கட்டில் திறந்து கிடக்கும்.

## லேடெக்ஸ்

பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் வடியும் பால்தான் லேடெக்ஸ். ரத்தம், தண்ணீர், கிருமிக்கு அருமையான தடுப்பு. விரலோடு ஒட்டிப் பிடிக்கும், மலிவு, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். அதனால்தான் எல்லோரும் முதலில் இதை வாங்குகிறார்கள்.

ஆனால் டொலுவினும் டர்பன்டைனும் இயற்கை ரப்பரை ஊதவைத்துவிடும். தச்சநல்லூர் அண்ணாச்சி கண்டது அதைத்தான். அதைவிட முக்கியம், மெல்லிய லேடெக்ஸை ஹார்ட்னரின் ஐசோசயனேட் சீக்கிரமே தாண்டிவிடும். கையுறை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் ஹார்ட்னர் டின்னை வெறுங்கையைவிட அலட்சியமாகப் பிடிப்போம். சிலருக்கு லேடெக்ஸின் புரதமே ஒவ்வாது, அரிப்பு பெயின்டாலா கையுறையாலா என்று பிரித்தறிய முடியாமல் போகும். ஸ்ப்ரே பட்டறையில் இதற்கு இடமே இல்லை என்பது என் முடிவு. வாங்கியதை வீணாக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பர் தேய்க்கும்போது போட்டுத் தீருங்கள்.

## மெல்லிய நைட்ரைல்

பார்க்க லேடெக்ஸ் மாதிரியே இருக்கும். நீலம், கறுப்பு, ஆரஞ்சு நிறங்களில் வரும். ஆனால் செயற்கை ரப்பர். எனாமலுக்கும் டர்பன்டைனுக்கும் கெட்டி. ஐசோசயனேட்டை லேடெக்ஸைவிட நன்றாகவே தடுக்கும். ட்ரிக்கர் பிடிக்கும் விரலுக்கு இடைஞ்சல் இல்லை.

இதன் பலவீனம் அசிட்டோன். மெல்லிய நைட்ரைலை அசிட்டோன் ஓரிரு நிமிடத்தில் தாண்டிவிடும், டொலுவினுக்கும் அதிக நேரம் பிடிக்காது. எனவே இதைத் தெறிப்புக்கான கையுறையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூறலாகப் படுவதற்குச் சரி. தின்னர் சொட்டியதா, உடனே கழற்றி வேறு மாட்ட வேண்டும். "இன்னும் ஒரு பேனல்தானே" என்று இழுக்கக் கூடாது. கழற்றியதைத் திரும்பப் போடவும் கூடாது. உள்ளே போன தின்னர் அங்கேயேதான் இருக்கும், அடுத்த தடவை போடும்போது கையை அதில் ஊறவைப்பது மாதிரி ஆகும்.

வாங்கும்போது சாதா மருத்துவ நைட்ரைலை விட்டு, மெக்கானிக்குகள் போடும் கொஞ்சம் தடித்ததைக் கேளுங்கள். விரல் நுனியில் சொரசொரப்பு வைத்தது கிடைக்கும், கன் வழுக்காது. மணிக்கட்டைத் தாண்டி நீளமாக இருந்தால் இன்னும் நல்லது. கறுப்பு நிறம் பார்க்க மிடுக்காக இருக்கும், ஆனால் ஹார்ட்னர் பட்ட இடம் அதில் கண்ணுக்குத் தெரியாது. நீலமோ ஆரஞ்சோ வாங்குங்கள்.

ஹார்ட்னர் கலக்கும்போது இரண்டு ஜோடி ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொள்வது எளிய வழி. கலந்து முடித்ததும் மேலே உள்ளதைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுத்தமான உள் கையுறையோடு கன்னைப் பிடிக்கலாம்.

செலவுக் கணக்குக்கு வருவோம். தரத்தைப் பொறுத்து ஒரு ஜோடி பத்திலிருந்து இருபது ரூபாய் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு நாலு ஜோடி, நடுவாக 15 ரூபாய் போட்டால் 60 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 1,560 ரூபாய். அரிப்பும் வெடிப்புமாக அந்த ஆள் மாதத்தில் இரண்டு நாள் வராமல் போனால் நிற்கும் வேலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கை கழுவ ஊற்றும் தின்னர் மிச்சமாவதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

## தடித்த நைட்ரைல்

பச்சை நிறத்தில், முன்கை வரை நீண்டு, உள்ளே பஞ்சு பூசினாற்போல் இருக்கும். தடிமன் மெல்லியதைப் போல மூன்று நான்கு மடங்கு. ஒரு ஜோடியைப் பல நாள் போடலாம். எனாமல் வேலை செய்கிறவர்கள் டர்பன்டைனில் பிரஷ், கன் கழுவ இதைவிட வேறு தேட வேண்டியதில்லை.

என்.சி. தின்னரில் இதற்கும் ஆயுள் குறைவுதான். மெல்லியதைவிட மேல், அவ்வளவே. கையை முக்காமல், நீளக் கைப்பிடி பிரஷால் கன்னைக் கழுவி, சட்டென்று முடிப்பதாக இருந்தால் பயன்படுத்தலாம். முடிந்ததும் வெளிப்பக்கத்தைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ஊதினாலோ, கொழகொழத்தாலோ, விறைத்தாலோ அதன் காலம் முடிந்தது. உள்பக்கம் தின்னர் வாசம் அடித்தாலும் அப்படியே. பட்டறையில் ஒரே ஜோடியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்க்கிறேன். ஒருவர் அழுக்குக் கையோடு போட்டால் போதும், மற்ற மூன்று பேருக்கும் உள்ளே பெயின்ட் காத்திருக்கும். ஆளுக்கொரு ஜோடி, மணிக்கட்டில் பெயர் எழுதி.

## பியூட்டைல்

அம்பை தம்பி மலைத்த கையுறை இதுதான். ஒரு ஜோடி ஆயிரத்துக்கு மேல் போகும். அசிட்டோன், எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) போன்றவற்றை மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கும், அசிட்டேட் வகைகளுக்கும் நல்ல தடுப்பு. ஐசோசயனேட்டுக்கும் பலம்.

விலையைப் பார்த்து எல்லாவற்றுக்கும் ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது. டொலுவின், சைலின், டர்பன்டைன், பெட்ரோல் இவற்றிடம் பியூட்டைல் பலவீனம். எனாமல் அடிக்கிறவர் ஆயிரம் ரூபாய் கொடுத்து இதை வாங்கினால், பச்சை நைட்ரைலைவிட மோசமான பாதுகாப்பைத்தான் வாங்குகிறார். டொலுவின் அதிகமுள்ள என்.சி. தின்னரிலும் அதே நிலை. மொத்தையாக இருப்பதால் ஸ்ப்ரே அடிக்கவும் வராது.

அசிட்டோனால் உலோகத்தைத் துடைத்துச் சுத்தம் செய்வதே வேலையாக இருப்பவர், நாள் முழுக்க ஹார்ட்னர் அளந்து கலப்பவர், தகவல் தாளில் அசிட்டேட் வகையே பிரதானம் என்று பார்த்து உறுதி செய்துகொண்டவர், இவர்களுக்கு இது சரியான செலவு. சாதாரண பட்டறைக்குத் தேவையில்லை.

## பல அடுக்குப் பிளாஸ்டிக் கையுறை

வெள்ளி நிறத்திலோ பால் வெள்ளையிலோ தட்டையாக இருக்கும், பார்த்தால் பிஸ்கட் பாக்கெட் உறையில் கை வெட்டினாற்போல். ஒரு படலத்துக்கு மேல் ஒன்றாகப் பல வகை பிளாஸ்டிக்கை ஒட்டிச் செய்தது. டொலுவின், அசிட்டோன், அசிட்டேட், ஹார்ட்னர் என்று நம் சரக்கு அத்தனையையும் நீண்ட நேரம் தாங்கும் ஒரே வகை இதுதான்.

குறை, கைக்கு ஒட்டாது. விரல் நுனி துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் இதை உள்ளே போட்டு, மேலே ஓர் அளவு பெரிய மெல்லிய நைட்ரைலை மாட்ட வேண்டும். அப்போது பிடியும் வரும், உள்ளுறை கிழியாமலும் இருக்கும். கன் கழுவும் பத்து நிமிடத்துக்கு இந்த இரட்டைதான் என் முதல் தேர்வு. விலை சில நூறு ரூபாய், பல தடவை பயன்படும். கீறல், மடிப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கேட்டால் முழிப்பார்கள், ஆன்லைனிலோ பாதுகாப்புச் சாமான் விற்பவரிடம் சொல்லி வைத்தோ வாங்க வேண்டும்.

பி.வி.சி. கையுறையை ஒரு வரியில் முடிக்கிறேன்: தின்னருக்கு ஆகாது. பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) என்று ஒன்று உண்டு, டொலுவினுக்கு மிகச் சிறப்பு, ஆனால் தண்ணீர் பட்டால் கரையும். வியர்வையும் வாட்டர் பேப்பரும் உள்ள இடத்தில் அதை எங்கே வைப்பது? கைக்குப் பூசும் தடுப்பு க்ரீம், சாயங்காலம் கழுவ எளிதாக்கும், கையுறையின் வேலையைச் செய்யாது.

## ஒரே பார்வையில்

| கையுறை | எனாமல், டர்பன்டைன் | என்.சி. தின்னர் | ஹார்ட்னர் | ட்ரிக்கர் பிடி | பொருத்தமான வேலை |
|---|---|---|---|---|---|
| துணி | ஆகாது | ஆகாது | ஆகாது | சுமார் | தகரம் தூக்க |
| லேடெக்ஸ் | ஆகாது | ஆகாது | ஆகாது | மிக நன்று | தண்ணீர் ரப்பிங் |
| மெல்லிய நைட்ரைல் | நன்று | தெறிப்புக்கு மட்டும், உடனே மாற்ற வேண்டும் | தெறிப்புக்கு நன்று | மிக நன்று | ஸ்ப்ரே அடிக்க, கலக்க (இரண்டு ஜோடி) |
| தடித்த நைட்ரைல் | மிக நன்று | குறைந்த நேரம் | நன்று | குறைவு | டர்பன்டைனில் கழுவ |
| பியூட்டைல் | ஆகாது | டொலுவின் இருந்தால் ஆகாது | மிக நன்று | மிகக் குறைவு | அசிட்டோன் வேலை, ஹார்ட்னர் கலக்க |
| பல அடுக்கு + மேலே நைட்ரைல் | மிக நன்று | மிக நன்று | மிக நன்று | சுமார் | கன் கழுவ |

## பவுடர் கோட்டிங் செய்கிறவர்களுக்கு மட்டும்

பீரோ பட்டறைகள் பலவும் இப்போது, உலர்ந்த பெயின்ட் பொடியை மின்னூட்டி ஒட்டவைத்துச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங்குக்கு மாறிவிட்டன. அங்கே தின்னர் இல்லை, அதனால் மேலே சொன்ன கணக்கு மாறும். கவனிக்க வேண்டியது மின்சாரம். பவுடர் கன் பல்லாயிரம் வோல்ட் மின்னூட்டத்தில் வேலை செய்கிறது. கன்னின் கைப்பிடி வழியாகப் பிடித்திருப்பவரின் உடம்பும் எர்த் ஆக வேண்டும். சாதாரண ரப்பர் கையுறை போட்டால் அந்தத் தொடர்பு அறுந்து, உடம்பில் மின்னூட்டம் ஏறி, பொறி தட்டலாம். காற்றில் பவுடர் மிதக்கும் இடத்தில் பொறி என்றால் தீ. கன் பிடிக்கும் கைக்கு மின்சாரம் கடத்தும் கையுறை வேண்டும், இல்லையென்றால் உள்ளங்கைப் பகுதியை வெட்டி எடுத்த கையுறை. மற்ற கைக்கும் பவுடர் அள்ளிப் போடும்போதும் நைட்ரைல் போதும். சாதாரண ஸ்ப்ரே கன்னை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

## விலைச்சீட்டில் வராத செலவுகள்

தவறான அளவு முதல் செலவு. உள்ளங்கையைச் சுற்றி, கட்டை விரலை விட்டு, டேப்பால் அளந்து பாருங்கள். 8 அங்குலம் என்றால் கையுறை எண் 8. எல்லோருக்கும் ஒரே அளவில் பெட்டி வாங்கினால் ஒருவருக்கு இறுக்கிக் கிழியும், ஒருவருக்கு நழுவும், இருவருமே போடாமல் விடுவார்கள்.

கழற்றும் விதம் அடுத்தது. வெளிப்பக்கத்தை வெறும் விரலால் பிடித்து இழுத்தால் அத்தனை பாதுகாப்பும் அந்த ஒரு நொடியில் போய்விடும். ஒரு கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை மற்ற கையுறை விரலால் பிடித்து, உள்பக்கம் வெளியே வருமாறு உரித்து, உள்ளங்கையில் சுருட்டிக்கொள்ளுங்கள். பின்பு வெறும் விரலை இரண்டாம் கையுறைக்குள் நுழைத்து, அதையும் உள்வெளியாக உரியுங்கள். டீ குடிக்கப் போகுமுன் கட்டாயம் கழற்றிக் கை கழுவ வேண்டும். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்று 2016-இல் விதி வந்து 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தொழிற்சாலை வகைப் பெயின்டுகள் அந்த விதிக்குள் வராது. மஞ்சள், ஆரஞ்சு பெயின்ட் ஒட்டிய விரலோடு வடையைப் பிட்டுத் தின்றால் ஈயம் நேரே வயிற்றுக்குப் போக வழி இருக்கிறது.

கையுறை போட்டும் ஒட்டிக்கொண்டதைத் தின்னரால் துடைக்காதீர்கள். தின்னர் தோலின் எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டு, கூடவே பெயின்டையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். தேங்காய் எண்ணெய் தேய்த்து இளக்கி, துணியால் துடைத்து, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும். காய்ந்து ஒட்டியது ஒன்றிரண்டு நாளில் தானாக உதிரும்.

கழித்துப் போட்ட கையுறையைச் சாயங்காலக் குப்பையோடு எரிக்கும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. நைட்ரைல் எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு உண்டு. பாளையங்கால்வாயிலோ நெல்லைக் கால்வாயிலோ தட்டிவிடுவதும் கூடாது, அந்தத் தண்ணீரை நம்பித்தான் கீழே வயல் இருக்கிறது. மூடி போட்ட தகர டின் ஒன்றில் சேருங்கள். என்.சி. பட்ட துணியையும் அதில் போடுவதாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வையுங்கள், குவிந்து கிடந்தால் எளிதில் தீப்பிடிக்கும்.

## மூன்று பேருக்கும்

தச்சநல்லூர் அண்ணாச்சிக்கு: அடிக்கவும் கலக்கவும் சொரசொரப்புள்ள ஆரஞ்சு நைட்ரைல், எண் 8-லும் 9-லும் தலா ஒரு பெட்டி. கன் கழுவ பல அடுக்குக் கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி. கிளியர் கோட் அடிக்கிறவருக்குக் கையுறை மட்டும் போதாது. ஆடிக் காற்றில் தூசி ஒட்டாமல் இருக்கத் தார்ப்பாய் கட்டி மூடிக்கொண்டு அடிக்கிறீர்கள், அந்த அடைப்புக்குள் ஐசோசயனேட் பனியாக நிற்கிறது. துணி முகக்கவசம் அதற்கு ஒன்றும் செய்யாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடிதான் சரியானது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பேட்டைக்காரருக்கு: நீங்கள் அடிப்பது எனாமல் என்றால் பச்சை நைட்ரைலும் மெல்லிய நைட்ரைலும் போதும், செலவு இருப்பதிலேயே குறைவு. என்.சி.க்குப் போனால் கழுவுவதற்கு மட்டும் பல அடுக்கைச் சேருங்கள். பவுடருக்கு மாறினால் உள்ளங்கை வெட்டிய கையுறை.

அம்பை தம்பிக்கு: பியூட்டைலை மறந்துவிடுங்கள். மெல்லிய நைட்ரைல் ஒரு பெட்டி இன்றைக்கே வாங்குங்கள். நீங்கள் பேச்சோடு பேச்சாகச் சொன்ன இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. பியூ அடித்த நாளில் ராத்திரி இருமல் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்றீர்கள். அது கையுறையோடு தீரும் விஷயம் இல்லை. ஹார்ட்னர் வேலையை இப்போதே நிறுத்திவிட்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டுங்கள். போகும்போது பெயின்ட், தின்னர், ஹார்ட்னர் மூன்று டின்னின் லேபிளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்த நாளில் இருமல் வருகிறது, எந்த நாளில் வருவதில்லை என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.